ஒரு தடவை நின்றால்

மார்ச் 3, திங்கள்

இன்று ரக்பிப் பயிற்சியில் டெரன்ஸ் சேர் எங்களை ஓட விடவில்லை. மைதானத்தின் நடுவில் உட்கார வைத்து, ஃபோனைப் பார்த்துப் பார்த்துச் சொன்னார். சட்டம் மாறிவிட்டதாம். இனி மோல் ஒரு தடவை நின்றாலே நடுவர் 'யூஸ் இட்' என்பார். உடனே பந்தை வெளியே எடுத்துவிட வேண்டும். எடுக்காவிட்டால் ஸ்க்ரம், அதாவது இரண்டு அணியும் குனிந்து முட்டித் தள்ளி ஆட்டத்தைத் தொடங்கும்போது பந்து போடும் உரிமை, எதிரணிக்குப் போய்விடும். இதுவரைக்கும் ஒரு தடவை நின்றால் மன்னிப்பு இருந்தது. இரண்டாவது தடவை தள்ளலாம்.

வீட்டுக்கு வந்ததும் அம்மா, "ஏன் மூஞ்சி தொங்கிப் போயிருக்கு?" என்று கேட்டாள்.

"மோல் சட்டத்தை மாத்திட்டாங்கம்மா."

"அது என்னது?"

ரக்பிக்குப் போக ஆரம்பித்து நாலு வருடத்தில் இன்றுதான் கேட்கிறாள். சொன்னேன். "கோட்டுக்கு வெளிய போன பந்தை உள்ள எறிவாங்க. எங்க புள்ள ஒருத்தி எகிறிப் பிடிப்பா. அவளைச் சுத்திக் கட்டிப் புடிச்சுக்கிட்டு, பந்தைக் கைமாத்திக் கடைசி ஆளுகிட்ட மறைச்சு வச்சுக்கிட்டு, எல்லாருமா எதிர்ல நிக்கிறவங்களத் தள்ளிக்கிட்டே கோட்டைத் தாண்டுவோம்."

"தள்ளுமுள்ளுன்னு சொல்லு," என்றாள் அம்மா.

அம்மா சொன்னதில் தப்பில்லை. ஆனால் அந்தத் தள்ளுமுள்ளில் எங்களுக்கென்று ஒரு வித்தை இருந்தது. முதல் தள்ளு பாதிப் பலத்தோடு. எதிரணி மொத்தப் பலத்தையும் கொட்டி எங்களை நிறுத்தும், மூச்சு வாங்கும். அப்போது நான் "இடது!" என்று கத்துவேன். எட்டுப் பேரும் கால் மாற்றி, இடப்பக்கம் சாய்ந்து இரண்டாவது தள்ளு தள்ளுவோம். போன வருடம் எங்கள் அணி எடுத்த புள்ளிகளில் பாதிக்கு மேல் அதில் வந்தவை. அதற்கு 'ஜெனிட்டா கியர்' என்று பெயர் வைத்ததே சேர்தான்.

எங்கேயோ உட்கார்ந்துகொண்டு யாரோ அந்த இரண்டாவது தள்ளை அழித்துவிட்டார்கள்.

மார்ச் 5, புதன்

திருநீற்றுப் புதன், தவக்காலம் தொடங்கிவிட்டது. நெற்றியில் சாம்பலோடு பேக்கரி வேலைக்குப் போனேன். முதலாளி முகைதீன் நானாவுக்கும் ரமழான் நோன்பு. இரண்டு பட்டினிக்காரர்கள் சேர்ந்து ஊருக்கு மீன் வைத்த மாலு பணிஸ் விற்றோம்.

மார்ச் 8, சனி

பதுளை அணியோடு நட்பு ஆட்டம். மோல் கட்டினோம், நின்றது. 'யூஸ் இட்.' நான் பழக்கத்தில் "இடது!" என்று கத்தி, எல்லாரும் கால் மாற்றுவதற்குள் விசில். ஸ்க்ரம் அவர்களுக்கு. திரும்பவும் அதே. அதற்குப் பிறகும் அதே.

பதுளைப் பெண்கள் என்னைப் பார்த்துச் சிரித்தார்கள். ஒருத்தி நாங்கள் மோல் கட்டும்போதெல்லாம் எனக்கு முன்னாலேயே "இடது!" என்று கத்தினாள்.

தோற்றோம்.

மார்ச் 12, புதன்

சேர் என்னைத் தனியாகக் கூப்பிட்டார். திட்டியிருந்தால் பரவாயில்லை. அன்பாகப் பேசினார்.

"ஜெனிட்டா, இனி மோல்ல நேரம் கெடைக்காது. ஒருக்கா நின்னா பந்து வெளிய வந்துரும். அப்ப முன்வரிசைக்காரங்களும் ஓடணும். நீ கொஞ்சம் எடையக் கொறச்சேன்னா நல்லா ஓடுவ புள்ள."

"எவ்வளவு சேர்?"

"ஒரு ஆறு கிலோ. அவசரமில்ல."

வரும் சனிக்கிழமை ஆட்டத்தில் என் இடத்தில் சசிப்பிரபா. ஸ்க்ரமின் முன்வரிசையில் முட்டுக்கொடுக்கும் புரொப்பின் மூன்றாம் எண் சட்டை அவளுக்கு. கட்டையான, கெட்டியான உடம்பு அவளுக்கு. ஆனால் முயல் மாதிரி ஓடுவாள். என்னைப் பார்த்து, "அக்கா, நான் கேக்கல. சேர்தான் சொன்னார்," என்றாள். எனக்கு அவள் மேல் கோபமில்லை என்றேன்.

பள்ளிக்கூடத்தில் விளையாட்டுப் போட்டி நாளில் என்னைப் பைகளுக்குக் காவல் வைப்பார்கள். எனக்கு இருபத்து மூன்று வயதானபோது ரஞ்சனி அக்கா சந்தையில் என்னைப் பார்த்து, "இந்த உடம்ப வச்சுக்கிட்டு ஏன் சும்மா இருக்க? மைதானத்துக்கு வா," என்று இழுத்துப்போனாள். என் எடை வேண்டும் என்று ஒருவர் சொல்லி நான் கேட்டது அதுதான் முதல் தடவை. இப்போது வேண்டாமாம்.

மார்ச் 13, வியாழன்

அதிகாலையில் ரயில்வே ஸ்டேஷன் வரைக்கும் ஓடிவிட்டு வந்தேன். காலைக்கு வெறும் பிளேன்டீ, பால் இல்லாமல்.

மார்ச் 19, புதன்

பேக்கரியில் கேட்டால் வீட்டில் சாப்பிட்டேன் என்கிறேன். வீட்டில் கேட்டால் பேக்கரியில் சாப்பிட்டேன் என்கிறேன். தவக்காலம் என்பதால் அம்மாவும் பெரிதாகத் துருவுவதில்லை. "இந்த வருஷம்தான் ஒழுங்கா ஒருசந்தி நோன்பு இருக்கிறா," என்று பக்கத்து வீட்டில் பெருமையாகச் சொன்னாளாம்.

பசி இரண்டு நாளில் பழகிவிடுகிறது. நல்லதுதான்.

மார்ச் 24, திங்கள்

ஓட்டத்தில் சசிக்கு அடுத்து வந்தேன்! சேர் கைதட்டினார். "பாத்தியா? சொன்னேன்ல?"

பாவாடை இடுப்பில் நிற்கவில்லை. அம்மா மெஷினில் போட்டுப் பிடித்துத் தைத்தாள். போன வாரம் தைத்ததையே பிரித்துத் திரும்பவும் தைக்க வேண்டியதாகப் போய்விட்டதென்று முணுமுணுத்தாள்.

இந்த வருடம் பண்டாரவளையில் குளிர் அதிகம். இரண்டு ஸ்வெட்டர் போட்டும் விரல் விறைக்கிறது. ஓவனுக்குப் பக்கத்தில் நின்றால்தான் கொஞ்சம் தேவலை.

ஏப்ரல் 1, செவ்வாய்

நேற்று நோன்புப் பெருநாள். இன்று முகைதீன் நானா பெருநாள் இனிப்பாக வட்டிலாப்பம் கொண்டுவந்தார். "என்ட நோன்பு முடிஞ்சு. நீங்க இன்னம் எத்தன நாளைக்கு மகள்?" என்றார். ஈஸ்டர் வரைக்கும் என்றேன். வட்டிலாப்பத்தை வீட்டுக்கு என்று வாங்கி, வழியில் பஸ் ஸ்டாண்டில் இருந்த அம்மாவிடம் கொடுத்துவிட்டேன். பிச்சை எடுக்கும் அம்மா. என் அம்மா இல்லை.

ஏப்ரல் 5, சனி

குருநாகலில் ஆட்டம். மூன்றாம் எண் சட்டை திரும்ப எனக்கு.

எழுதவே பிடிக்கவில்லை. எழுதிவிடுகிறேன்.

அவர்கள் கோட்டுக்குப் பக்கத்தில் எங்களுக்கு லைன்-அவுட், வெளியே போன பந்தை உள்ளே எறியும் முறை. ரஞ்சனி அக்கா எறிந்தாள், பிடித்தோம், கட்டினோம். நான் முன்னால். எதிரில் அவர்கள் எட்டுப் பேரும் ஒரே நேரத்தில் வந்து மோதினார்கள். எனக்குக் காலுக்கடியில் தரையே இல்லாத மாதிரி இருந்தது. பின்னால் போனேன். நான் போனதால் என் பின்னால் இருந்தவர்களும் போனார்கள். நின்றதா, விழுந்ததா என்றுகூடத் தெரியவில்லை. விசில்.

பூட்ஸ் பழசு. ஆணி தேய்ந்துவிட்டது. அதனால்தான்.

இடைவேளையில் ரஞ்சனி அக்கா என் தோளைப் பிடித்துத் திருப்பினாள். அவள்தான் கேப்டன். மோலில் பந்தை வைத்துக்கொண்டு கடைசியில் வருபவளும் அவள்தான்.

"ஏய், நீ எங்கடி போன?"

"இங்கதானக்கா இருந்தேன்."

"முந்தி ஸ்க்ரம்ல உன்னக் கட்டிப் புடிச்சா செவுத்தப் புடிச்ச மாதிரி இருக்கும். இப்ப எலும்பு குத்துது எனக்கு."

"சேர்தான் எடையக் கொறைக்கச் சொன்னார்."

"எவ்வளவு சொன்னார்?"

குனிந்து பூட்ஸ் கயிற்றை இறுக்கினேன். ஆறு கிலோ எப்போதோ தாண்டிவிட்டது.

இரண்டாம் பாதியில் சசியை இறக்கினார்கள். தோற்றோம். சேர் ஓடச் சொன்னார், ஓடினேன். ஓடினால் தள்ள முடியவில்லை. தள்ளினால் சட்டம் விடவில்லை. நான் என்னதான் செய்ய வேண்டும் என்று எவராவது எழுதிக் கொடுத்தால் நன்றாக இருக்கும்.

ஏப்ரல் 14, திங்கள்

புதுவருடம். பக்கத்து வீடுகளிலிருந்து கொக்கிஸ் பலகாரமும் பால்சோறும் வந்தன. ஈஸ்டருக்கு முந்தின பெரிய வாரம், வேண்டாம் என்றேன்.

ஏப்ரல் 20, ஞாயிறு

ஈஸ்டர். அம்மா கோழிக் குழம்பு வைத்து என் எதிரிலேயே உட்கார்ந்துகொண்டாள். நாலு வாய் சாப்பிட்டேன். தட்டைத் தள்ளி வைத்தேன்.

"தவக்காலம் முடிஞ்சிருச்சுல்ல?" என்றாள் அம்மா. பிறகு, சீப்பிலிருந்து என் முடியைச் சுருட்டி எடுத்து, அதைக் கையில் வைத்துப் பார்த்துக்கொண்டே வாசலில் நின்றாள்.

ஏப்ரல் 23, புதன்

பேக்கரியில் சின்ன விபத்து. பாண் ரொட்டித் தட்டை வெளியே எடுக்கும்போது கண் இருட்டியது. விழும்போது ஓவன் கதவில் முன்கை பட்டுச் சுட்டுவிட்டது. முந்தின நாள் சரியாகத் தூங்கவில்லை.

முகைதீன் நானா ஆட்டோவில் கிளினிக்குக்குக் கூட்டிப்போனார். அங்கே இருந்த டொக்டர் சின்ன வயசுக்காரி. கைக்கு மருந்து போடுவதை விட்டுவிட்டு என்னென்னவோ கேட்டாள். என்ன சாப்பிடுகிறேன், முடி கொட்டுகிறதா, மாதவிலக்கு எத்தனை மாதமாக வரவில்லை. கணக்கு வைக்கவில்லை என்றேன். அலைச்சலில் அப்படித்தான் ஆகும் என்றேன்.

"அலைச்சல் இல்ல. நீங்க உங்க உடம்பையே தின்னுட்டு இருக்கீங்க," என்றாள். ரத்தம் மிகவும் குறைவாம். அவள் சொல்லும் வரைக்கும் விளையாடவே கூடாதாம்.

வெளியே முகைதீன் நானா நாற்காலியில் உட்கார்ந்து அழுதுகொண்டிருந்தார். பெரிய மனிதர், எனக்குச் சங்கடமாகப் போய்விட்டது. "ஒரு பேக்கரியில வேல செய்ற புள்ள பசியில விழுந்தீக்கி. நான் அல்லாஹ்வுக்கு என்ன பதில் செல்ற?" என்றார்.

ஏப்ரல் 27, ஞாயிறு

அம்மா நேரத்துக்கு நேரம் தட்டோடு வந்து நிற்கிறாள். சாப்பிட்டு முடிக்கும்வரை போவதில்லை. சாப்பிடுகிறேன். ஒவ்வொரு கவளத்துக்கும் எனக்கு எரிச்சல் வருகிறது. ஏனென்று தெரியவில்லை.

ஏப்ரல் 30, புதன்

வேலைக்குப் போக வேண்டாமாம். குருநாகல் ஆட்டத்தின் வீடியோவை ஃபோனில் திரும்பத் திரும்பப் போட்டுப் பார்த்தேன்.

ஒன்று தெரிகிறது. முந்தியெல்லாம் எதிரணி ஐந்தாறு பேரைத்தான் மோலுக்குள் அனுப்பும். மற்றவர்கள் வெளியே காவல் நிற்பார்கள், இரண்டாவது தள்ளு வரும் என்று தெரியும். இப்போது ஒரு தடவை நிறுத்தினால் போதும். அதனால் எட்டுப் பேரும் முதல் மோதலிலேயே கொட்டிவிடுகிறார்கள். இந்தச் சட்டம் எங்களை ஓடச் சொல்லவில்லை. ஒரே தள்ளில் எல்லாவற்றையும் வைக்கச் சொல்கிறது. எடை முந்தியைவிட இப்போதுதான் அதிகம் வேண்டும்.

இன்னொன்று. மோல் சும்மா நிற்பதில்லை. நிற்பதற்குக் கொஞ்சம் முன்னால் ஒரு பக்கம் சரிகிறது. முன்னால் இருப்பவளுக்குத் தோளில் அது தெரியும். எனக்கு எப்போதும் தெரிந்திருக்கிறது. நின்ற பிறகு திரும்பினோம், இனி நிற்பதற்கு முன்னாலேயே, சரிவுக்கு எதிர்ப்பக்கம் திரும்ப வேண்டும்.

இதைக் கண்டுபிடிக்க எனக்கு இரண்டு மாதமும் ஒரு தீக்காயமும் வேண்டியிருந்தது. நினைத்தால் ஃபோனைத் தூக்கி அடிக்கலாம் போலிருக்கிறது.

மே 4, ஞாயிறு

ரஞ்சனி அக்கா ஞாயிற்றுச் சந்தையில் மரக்கறி விற்கிறாள். அங்கே போய்ச் சொன்னேன். லீக்ஸ் கட்டுகளை எட்டுப் பேராக அடுக்கிக் காட்டினேன்.

"உனக்குத் தோள்ல தெரியும். கடைசியில நிக்கிற எனக்கு எப்படித் தெரியும்? நீ கத்தி, எங்க காதுல விழுந்து, நாங்க கால மாத்துறதுக்குள்ள நின்னுரும்."

"அப்ப கத்தக் கூடாது. எனக்குப் பின்னால கட்டியிருக்கிறவள இழுக்கணும். அவ அடுத்தவள இழுக்கணும்."

அவள் கடைசி லீக்ஸ் கட்டைத் தள்ளிப் பார்த்தாள். பிறகு என் கையில் இருந்த மருந்துக் கட்டைப் பார்த்தாள்.

"ஏண்டி என்கிட்ட சொல்லல?"

"என்னத்த?"

"சரி, சொல்லாத," என்றாள். கிளம்பும்போது ஒரு பை நிறைய கிழங்கும் போஞ்சியும் தந்தாள். காசு வாங்கவில்லை.

மே 7, புதன்

மைதானத்துக்குப் போனேன், பார்க்க மட்டும். சேர் என் முகத்தைப் பார்க்கச் சங்கடப்பட்டார். விஷயத்தைச் சொன்னோம். "ஏலாது. அவ்வளவு வேகமா எட்டுப் பேர் திரும்ப ஏலாது," என்றார். ஆனாலும் செய்யச் சொன்னார்.

என் இடத்தில் சசி. முதல் தடவை குப்பையாக விழுந்தது. அடுத்த தடவை பாதிப்பேர் இடது, பாதிப்பேர் வலது. சேர் தொப்பியைக் கழற்றித் தலையைச் சொறிந்தார். பிறகு அவரே ஒன்று சொன்னார். பந்தை எறிந்த இடத்தைத் தாண்டி மோல் நகர்ந்துவிட்டால் லைன்-அவுட் முடிந்ததாகக் கணக்கு. அப்புறம் வெளியே தள்ளி நிற்கும் பின்வரிசைக்காரிகளும் பின்னாலிருந்து வந்து சேரலாம். "சரியிற நேரம் பாத்து ரெண்டு பேர் பின்னால வந்து முட்டினா?"

அதோடு மோல் ஓடியது. நிற்காமல், வளைந்து, கோட்டைத் தாண்டிப் போய் விழுந்தது. எல்லாரும் கத்தினார்கள். நானும் கைதட்டினேன். வெளியே நின்று கைதட்டுவது எனக்குச் சின்ன வயசிலிருந்தே நன்றாக வரும்.

மே 16, வெள்ளி

கிளினிக். எடை கொஞ்சம் ஏறியிருக்கிறது. ரத்தம் போதாது. "இன்னும் ரெண்டு மூணு கிழமை," என்றாள் டொக்டர். அந்த இரண்டு மூன்று வாரமும் விளையாட்டு இல்லை.

நாளைக்குக் காலி நகர அணியோடு கடைசி ஆட்டம். தோற்றால் அடுத்த வருடம் கீழ்ப் பிரிவு. சேர் ஃபோன் பண்ணி, டொக்டர் என்ன சொன்னார் என்று கேட்டார்.

"பரவாயில்லையாம் சேர்," என்றேன்.

"உண்மையாவா? அப்ப சசிக்கு மாத்தா ஒன்னப் போடுறேன். வேற புள்ளயப் பாக்கத் தேவல்ல."

சும்மா பெயருக்குத்தானே.

மே 17, சனி

ஆட்டம் முடியச் சில நிமிடங்கள் இருந்தன. நாங்கள் மூன்று புள்ளி பின்னால். அவர்கள் கோட்டுக்கு ஐந்து மீட்டரில் எங்களுக்கு லைன்-அவுட். ஒரு மோல் போதும். அப்போது பார்த்தால் சசி தோளைப் பிடித்துக்கொண்டு தரையில் கிடக்கிறாள்.

சேர் என்னைக் கூப்பிட்டார். மேல்சட்டையைக் கழற்றினேன். உள்ளே மூன்றாம் எண் இல்லை, பதினெட்டு. பரவாயில்லை. நான் கண்டுபிடித்த தள்ளு, என் இடம். கோட்டுக்குள் ஒரு கால் வைத்துவிட்டேன்.

சேர் என் மேற்கையைப் பிடித்தார். உற்சாகப்படுத்தத்தான் பிடித்தார் என்று நினைக்கிறேன். பிடித்த கை அப்படியே நின்றது. அவருடைய விரல்கள் என் கையைச் சுற்றி ஒன்றையொன்று தொட்டுவிட்டன.

"டொக்டர் என்ன சொன்னார்?"

"சேர், நேரமில்ல."

"ஜெனிட்டா. டொக்டர் என்ன சொன்னார்?"

நடுவர் கையைக் காட்டி அவசரப்படுத்தினார். ரஞ்சனி அக்கா பந்தை வைத்துக்கொண்டு எங்களையே பார்த்துக்கொண்டிருந்தாள். ஒரு பொய்தான். நேற்று சுலபமாக வந்தது.

"இன்னும் மூணு கிழமை," என்றேன்.

சேர் என் காலைக் கோட்டுக்கு வெளியே இழுத்துவிட்டார். நடுவரிடம் போய், எங்களிடம் இனிப் புரொப் இல்லை என்றார். பயிற்சி பெற்ற புரொப் இல்லாவிட்டால் ஸ்க்ரமில் யாரும் தள்ளக் கூடாது. எங்களுக்குச் சாதகமாக இருந்த ஸ்க்ரமும் அதோடு போனது. சசி இடத்தில் நடீஷாவை இறக்கினார். நல்ல உயரமான பெண், புரொப் இடத்தில் நின்றதே இல்லை.

மோல் போனது. இரண்டு மீட்டர், மூன்று மீட்டர். வெளியே நின்ற எனக்கே தெரிந்தது, சரிகிறது, வலப்பக்கம் சரிகிறது. நடீஷாவுக்குத் தெரியவில்லை. நின்றது. 'யூஸ் இட்.' ரஞ்சனி அக்கா பந்தை எடுத்துக்கொண்டு பாய்ந்தாள். கோட்டுக்கு ஒரு கை முன்னால் அவளை அமுக்கிவிட்டார்கள்.

தோற்றோம்.

திரும்பும் வழியில் பெலிஹுல்ஓயாவில் வேனை டீக்கு நிறுத்தியபோது ரஞ்சனி அக்கா என்னிடம் வந்தாள்.

"நேத்தே சொல்லியிருந்தா பதுளையில இருந்து ஒரு புரொப்பக் கேட்டு எடுத்திருப்போம்."

"தெரியும்."

"தெரிஞ்சுதான் செஞ்சியா?"

அவள் டீயைக் குடிக்காமல் கொட்டிவிட்டுப் போனாள்.

மார்ச் மாதத்திலிருந்து இந்தச் சட்டத்தைத் திட்டிக்கொண்டிருக்கிறேன். இன்று நாங்கள் தோற்றதற்குக் காரணம் சட்டம் இல்லை.

மே 19, திங்கள்

சசிக்குத் தோள்பட்டை எலும்பில் கீறல். போய்ப் பார்த்தேன். மன்னிப்புக் கேட்டேன். "எதுக்கக்கா?" என்றாள். முழுவதும் சொன்னேன், பட்டினி கிடந்ததிலிருந்து. அம்மாவிடம்கூட அவ்வளவு சொல்லவில்லை. "எனக்கும் சேர் எடையக் கூட்டச் சொன்னார். முட்டையாத் தின்னு தின்னு வாந்தி எடுத்தேன்," என்றாள். சிரித்துவிட்டு, தோள் வலித்துக் கண்ணீர் விட்டாள்.

மே 22, வியாழன்

இந்த வாரம் திரும்ப வேலைக்குப் போகிறேன். சேர் பேக்கரிக்கு வந்தார். ஒரு ராத்தல் பாண் வாங்கிவிட்டுப் போகாமல் நின்றார்.

"அன்னைக்கு நான் அப்படிச் சொல்லியிருக்கக் கூடாது புள்ள. சட்டம் மாறினதும் எனக்கு என்ன செய்றதுன்னு வெளங்கல. வாயில வந்ததச் சொன்னேன்."

"ஆறு கிலோதான் சேர் சொன்னீங்க. மிச்சத்த நான்தான் சேத்துக்கிட்டேன்."

மிச்சக் காசை வாங்காமலே போய்விட்டார்.

ஜூன் 6, வெள்ளி

டொக்டர் சரி என்றாள். கடிதமாகவே கேட்டு வாங்கினேன். என் வாய்ச்சொல்லை இனி யாரும் நம்ப மாட்டார்கள்.

ஜூன் 11, புதன்

பயிற்சி. கீழ்ப் பிரிவுக்குப் போன அணிக்கு யார் வரப்போகிறார்கள் என்று நினைத்தேன். எல்லாரும் வந்திருந்தார்கள். ரஞ்சனி அக்கா மட்டும் என்னோடு பேசவில்லை. பெலிஹுல்ஓயாவில் டீயைக் கொட்டிய நாளிலிருந்தே பேசவில்லை.

சேர் ஊர் ஆண்கள் அணியிலிருந்து எட்டுப் பேரை எதிரில் நிறுத்தினார். அவரே நடுவர். ரஞ்சனி அக்கா எறிந்தாள், நடீஷா பிடித்தாள், நான் முன்னால் கட்டினேன். மோதினார்கள். இந்தத் தடவை என் காலுக்கடியில் தரை இருந்தது. நெஞ்சில் வலித்தது, மூச்சு முட்டியது, பழைய பலத்தில் பாதிகூட இல்லை. ஆனால் தரை இருந்தது.

வலப்பக்கம் சரிந்தது. நடீஷாவின் சட்டையை இழுத்தேன். அவள் அடுத்தவளை இழுத்தாள். மெதுவாக, மிக மெதுவாக, மொத்த மோலும் இடப்பக்கம் திரும்பியது.

விசில்.

"நின்னுருச்சு! வெளிய எடுங்க!" என்றார் சேர்.

எனக்கு எங்கிருந்துதான் அவ்வளவு கோபம் வந்ததோ தெரியவில்லை. "எங்க சேர் நின்னுச்சு? திரும்பிக்கிட்டு இருந்தோம்!"

"முன்னால போகல. நின்னா நின்னதுதான்."

"போச்சு சேர்! என் காலப் பாருங்க, எங்க இருந்துச்சு, இப்ப எங்க இருக்குன்னு!"

"நான் பாத்தேன், நின்னுச்சு."

அப்போது எனக்குப் பின்னாலிருந்து, எல்லாருடைய தலைக்கும் மேலே, பந்தைக் கக்கத்தில் இடுக்கியபடி ரஞ்சனி அக்காவின் குரல் வந்தது.

"இவ சொல்றது சரி சேர்! நகந்துச்சு! கடைசியில நின்ன எனக்கே தெரிஞ்சுச்சு, ஒங்களுக்குத் தெரியலியா?"

சேர் விடவில்லை. நாங்களும் விடவில்லை. அவள் என் பக்கத்தில் வந்து நின்றுகொண்டாள். ஆண்கள் அணி அலுத்துப்போய்த் தண்ணீர் குடிக்கப் போய்விட்டது. இருட்டிப் பந்து தெரியாமல் போகும்வரைக்கும் நாங்கள் இரண்டு பேரும் சேர்ந்து சேரோடு சண்டை பிடித்தோம்.